கண்டக்டர் நம்பிய ரப்பர் பால்

போன புதன்கிழமை கிளினிக்கில் என் மேசைமேல் ஒரு கேன் வந்து உட்கார்ந்தது. மூடி இறுக்கிய, பழைய வெள்ளை பிளாஸ்டிக் கேன். உள்ளே இருந்தது, ஓர் இளம்பெண்ணின் ஒரு நாள் சிறுநீர்.

முகம் சுளிக்காதீர்கள். லூபஸ் டொக்டர் எழுதுகிற பத்தியில் மல்லிகைப்பூவா வரும்?

லூபஸ் என்பது வேலியே பயிரை மேய்கிற நோய். கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பையே தாக்கும். மூட்டு, தோல்... சிலருக்குச் சிறுநீரகம். பெரும்பாலும் இளம்பெண்களைத்தான் பிடிக்கும். அந்த அநியாயத்தின் மேல் வந்த கோபத்தில்தான் இந்த ஆராய்ச்சிக்குள் இறங்கினேன். இருபது வருடம் ஓடிவிட்டது. கோபம் குறையவில்லை.

செல்வி — பெயரை மாற்றியிருக்கிறேன் — தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். கல்யாணமாகி மூன்று வருடம். மாத்திரையில் நோய் அடங்கியிருந்தது. "இனிக் குழந்தையைப் பத்தி யோசிக்கலாம்" என்று நானே சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன்.

ரிப்போர்ட்டில் புரதம் எக்கச்சக்கம். நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் கால் வீங்கவில்லை. பிரஷர் சரி. இரத்தப் பரிசோதனையும் சரி. அதெப்படி? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... எனக்குள் இருக்கும் ஆராய்ச்சிக்காரிக்கு அப்போது கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. அபூர்வமான கேஸ், ஒரு கட்டுரை தேறுமே! இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இன்னொரு தடவை சேர்த்துக் கொண்டு வாங்க. அதுவும் இப்படியே இருந்தா கடுமையான மருந்து தொடங்கணும். குழந்தைய இப்போதைக்குத் தள்ளி வைக்கணும்" என்றேன்.

"எவ்வளவு நாளைக்குங்க டொக்டர்?"

"முதல்ல அடுத்த ரிப்போர்ட் வரட்டும்" என்றேன். நான் மனதில் வைத்திருந்த மருந்து, பிள்ளை பெறும் வாய்ப்பையே சிலருக்குப் பறித்துவிடும். செல்வி அழவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள். அதுதான் என்னை இரண்டு வாரம் வாட்டியது.

அந்த இரண்டாவது கேன்தான் புதன்கிழமை வந்தது. நர்ஸ் சுமனாவுக்குச் சொந்த ஊர் யட்டியாந்தோட்டை, அதுவும் ரப்பர் விளையும் பக்கம். மூடியைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கினார்.

"டொக்டர், மே பலன்ன, இங்க பாருங்க! இது ரப்பர் பால் கேன் தானே?"

நான் செல்வியைப் பார்த்தேன். "போன தடவையும் இதுலதான் கொண்டு வந்தீங்களா?"

"ஆமாங்க. சுடுதண்ணி ஊத்தி நல்லா கழுவித்தாங்க கொண்டாந்தேன்."

"ஆஸ்பத்திரியில கேன் குடுத்தாங்களே?"

"அதப் பார்த்தா எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்ங்க. பஸ்ல கண்டக்டரு என்னா இதுன்னு கேட்பாரு. இதுன்னா ரப்பர் பால்னு சொல்லிருவேன். அடுத்த கேள்வி வராதுங்க."

ரப்பர் பாலிலும் புரதம் உண்டு! மாதக்கணக்கில் கேனில் காய்ந்து ஒட்டிய பால், ஒரு சட்டி சுடுதண்ணீரில் போய்விடுமா?

உடனே ஒரு புதுக் கப்பைக் கொடுத்தேன். செல்வி அதில் பிடித்து வந்ததில் சோதனைப் பட்டையைத் தோய்த்தேன். புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். மூன்று தலைகள் அதன்மேல் குனிந்திருந்தன. ஒரு நிமிடம் போனது... மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இருந்தாலும் ஒரு பட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதே. மறுபடி ஒரு நாள் சேர்த்துக் கொண்டுவர, ஆஸ்பத்திரி கேனைப் புடவைக் கடைப் பை ஒன்றில் போட்டு நீட்டினார் சுமனா. "பஸ்ல கேட்டா, புடவைன்னு சொல்லுங்க."

நேற்று ரிப்போர்ட் வந்தது. சுத்தம். அப்பாடா! நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நானே செல்விக்குப் போன் போட்டேன்.

"அப்போ... வீட்டுக்காரருகிட்ட சொல்லலாமுங்களா?"

"தாராளமா சொல்லுங்க. மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க."

அப்போதுதான் அழுதாள்.

வெயில் பட்டதா, முடி கொட்டியதா, மூட்டு வலித்ததா... என் ஆராய்ச்சிப் படிவத்தில் கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இன்று காலை இன்னொன்றைச் சேர்த்தேன்: 'எதில் கொண்டு வந்தீர்கள்?'

ரப்பர் பால் என்று அவள் சொன்னதைக் கண்டக்டர் நம்பினார், சரி. லேப் மெஷினும் அல்லவா ரப்பர் பாலை அவள் புரதம் என்று நம்பிவிட்டது!