தூண்டிலை எடுத்தவள்

இராசதுரை திருடவில்லை. என் கணவரின் தூண்டிலை எடுத்து ஒளித்தவள் நான்.

ஒளித்ததோடு நின்றிருந்தால், வயதான காலத்தில் ஒருத்தி செய்த கோணங்கித்தனம் என்று நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நான் அதோடு நிற்கவில்லை.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. எங்கள் போதகரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் போதகரின் மனைவி எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் காதில் விழுந்த கதை, நான் வீடு திரும்புவதற்குள் பண்டத்தரிப்புச் சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிப்போம். அதில் எவருடைய பாவம் எது என்று எவருக்கும் தெரியாது. இரண்டு வருடங்கள் அந்தக் குரலுக்குள் ஒளிந்திருந்தேன்... இனி முடியவில்லை.

நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பரீட்சை மண்டபங்களில் நடந்து நடந்தே என் கால் தேய்ந்தது. பார்த்து எழுதுகிற பிள்ளையைப் பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடத்தில் கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாமல் வீட்டுக்கும் கொண்டு வந்தேன். அதுதான் என் குணம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இவர், அதாவது என் கணவர் ஜெயரத்தினம், அரசாங்க அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்தவர். கலியாணமான புதிதில் ஒருநாள், "கடற்கரையிலை இருந்து தூண்டில் போட வேணும். அது ஒண்டுதான் எனக்கு ஆசை" என்றார். அதற்கென்ன, பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு நாட்டில் சண்டை வந்தது. கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாத வருடங்கள் வந்தன. பிறகு மகளின் படிப்பு, பிறகு அவளுடைய கலியாணம், பிறகு என் முழங்கால் சத்திரசிகிச்சை. ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம் ஒன்று கையில் இருந்தது.

உண்மையான காரணத்தை மட்டும் நான் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் மீனை வாங்குகிற குடும்பம், மீனைப் பிடிக்கிற குடும்பம் என்று இரண்டு உண்டு. என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அவருடைய மருமகன் கையில் தூண்டிலோடு தெருவால், ஒழுங்கையால் போவதை நினைக்கவே எனக்குக் கூசியது. எல்லோரும் தேவனின் பிள்ளைகள் என்று பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள்தான் நான்...

தான் ஓய்வு பெற்ற மறுமாதம் இவர் என்னிடம் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வந்த ஒருவரிடம் அவள் ஒரு தூண்டிலைக் கொடுத்தனுப்பினாள். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கறுப்புத் தடி, நூல் சுற்றுகிற சில்லு, பிடியில் தக்கை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, மோட்டார் சைக்கிளில் மாதகல் பக்கத்துக் கரைக்குப் போகத் தொடங்கினார்.

முதல் வாரம் வெறுங்கையோடு வந்தார்.

"என்ன, மீனெல்லாம் லீவிலையோ?" என்றேன்.

"பழக வேணும்" என்றார். கோபப்படவே இல்லை.

இரண்டாவது வாரம் நாலு ஒட்டி மீன் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நல்ல விளைமீன். கிணற்றடியில் வைத்துக் கழுவும்போதுதான் கவனித்தேன். தூண்டிலில் பட்ட மீனுக்கு வாயில் காயம் இருக்க வேண்டும். இந்த மீன்களின் வாயில் ஒரு கீறலும் இல்லை. செவுளுக்குப் பின்னால் வலை அறுத்த கோடு சுற்றிவர இருந்தது.

இவர் பொய் சொல்கிறார்!

நான் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவள் உடனே கேட்கமாட்டாள், சேர்த்து வைப்பாள். நானும் சேர்த்தேன். சேட்டுப் பையில் ஒரு புதுச் சீப்பு. குளிக்கும்போது சீழ்க்கை. பத்து மணிக்கு வந்தவர் பன்னிரண்டு மணிக்கு வரத் தொடங்கினார். ஒருநாள் சேட்டைத் தோய்க்க எடுத்தபோது இரண்டாவது பொத்தான், எங்கள் பேச்சில் தெறி, தங்கூசியால் தைக்கப்பட்டிருந்தது. வலை பின்னுகிற அந்த நைலோன் நூலைத்தான் தங்கூசி என்போம். நாற்பது வருடங்களாக இவருடைய தெறிகளைத் தைத்தவள் நான். இவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. அப்படியானால் தைத்தது யார்?

கடற்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுக்கு ஒரு முகமும் வைத்தேன், வயதும் வைத்தேன். விதவை என்றும் தீர்மானித்தேன். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

ஒரு புதன்கிழமை வெயில் ஏறியபின் ஓட்டோ பிடித்து அந்தக் கரைக்குப் போனேன். தேவாலயத்துக்கு என்று ஓட்டோக்காரரிடம் பொய் சொல்லி, ஒரு பூவரச மரத்தடியில் இறங்கி நின்று பார்த்தேன்.

பெண் எவளும் இல்லை. கவிழ்த்து வைத்த படகின் நிழலில் இவர் மணலில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெற்று மேலோடு ஒருவர் வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவரும் கழற்றினார். நடுவில் ஒரு சட்டியில் சோறும் குழம்பும். இருவரும் அதே சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். அந்த மனிதர் என்னவோ சொல்ல, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னுடைய வீட்டில் நான் கேட்டதே இல்லை.

மீன் வந்த வழியும் தெறி தைத்த கையும் தெரிந்துவிட்டன. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இதை எப்படி உங்களிடம் சொல்வேன்... ஒருத்தி இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஒருத்தி இருந்தால் மகளிடம் சொல்லி அழலாம், ஊர் என் பக்கம் நிற்கும். இதை எவரிடம் சொல்வது? என் கணவர் மீன்பிடிக்கிற ஒருவரோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறார் என்றா?

அவர்தான் இராசதுரை. இரண்டு வாரம் கழித்து, ஒரு பகல் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நண்டு. இவர் அவரை உள்ளே கூட்டி வந்து, என் அப்பா இருந்த கதிரையில் இருத்தி, "இஞ்சேரும், இராசதுரை வந்திருக்கிறார், தேத்தண்ணி கொண்டு வாரும்" என்றார்.

நான் கொண்டு போனேன். இவருக்குப் பூப்போட்ட கோப்பையில். இராசதுரைக்கு, வளவில் கூலிவேலை செய்ய வருகிறவர்களுக்கென்று தனியே வைத்திருந்த விளிம்பு நசுங்கிய கோப்பையில்.

இவர் தட்டைப் பார்த்தார். பூப்போட்ட கோப்பையை எடுத்து இராசதுரையின் கையில் கொடுத்துவிட்டு, நசுங்கிய கோப்பையில் தான் குடித்தார். இராசதுரைக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "ரீச்சற்றை தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. என் வீட்டிலேயே என்னை இரண்டு பேர் சேர்ந்து மன்னித்தார்கள், நான் கேட்காமலே.

போகும் முன் இராசதுரை விறாந்தையில் சாத்தியிருந்த தூண்டிலை எடுத்துப் பார்த்தார். "அண்ணை, சில்லு இறுகிப்போய்க் கிடக்கு. உப்புத்தண்ணி. அடுத்தமுறை கொண்டு வாங்கோ, எண்ணெய் விட்டுத் தாறன்" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

இருந்த இடத்திலேயே. அதை என் கண்ணால் கண்டேன்.

இவர் மதியச் சாப்பாட்டின் பின் நித்திரையானபோது நான் அதை எடுத்தேன். இரண்டாகக் கழற்றி, மகளின் அறையில் கலியாண உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் வைத்து அறையைப் பூட்டினேன். அந்தப் பூட்டின் திறப்பு எப்போதும் என்னிடம்தான். இரண்டு நாள் தேடட்டும், அலுத்துப்போய் வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

மாலையில் இவர் தேடினார். வளவெல்லாம் தேடினார். கடைசியில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

"தூண்டிலைக் கண்டனீரோ?"

"இராசதுரை போகேக்கை கையிலை என்னவோ நீட்டாக் கிடந்தமாதிரி இருந்தது. நான் வடிவாக் கவனிக்கேல்லை."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் எடுத்தார் என்று நான் சொன்னேனா? இல்லை. கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு விடையை இவரையே எழுத விட்டேன். எத்தனை இரவுகள் இந்த வாதத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருப்பேன்... நீங்கள் நம்பவேண்டாம், நானே நம்பவில்லை.

"அவன் எடுக்கமாட்டான்" என்றார் இவர்.

மூன்று நாள் அதையே சொன்னார். நான் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. நாலாம் நாள் காலை கடற்கரைக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டனீங்களோ?"

"எடுத்தனியோ எண்டு கேக்கேல்லை. கண்டனியோ எண்டுதான் கேட்டனான்" என்றார். "அவன் என்னை ஒருக்காப் பாத்தான். 'இல்லை ஐயா' எண்டான். அவ்வளவுதான்."

அதுவரை அண்ணை என்று அழைத்தவர் ஐயா என்று சொல்லிவிட்டார். இவர் அதை என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குக் கேட்டது. அந்த நிமிடமே திறப்பை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கறியைக் கிளறினேன்.

அதன்பின் இவர் கடற்கரைக்குப் போகவில்லை. மகள் இன்னொரு தூண்டில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார். பகல் முழுதும் பத்திரிகை வாசித்தார். ஆசைப்பட்டபடியே வீட்டோடு இருந்தார். என் ஆசைப்படி, என்று சொல்ல வேண்டும்.

பிறகு தொடங்கியது எனக்கு அடுத்த வியாதி. இவருக்குத் தெரியுமோ? ஒருநாள் மகளின் அறைப் பூட்டில் எண்ணெய் மினுங்கியது. இவர் வீட்டுப் பூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விடுகிறவர்தான். ஆனால் அன்றைக்கு ஏன்? இன்னொருநாள், "பிள்ளையின்ரை அறை காத்துப்படாமல் கிடக்கு, திறந்து விடலாமே" என்றார். சும்மா சொன்னாரா? நான் திறப்பை ஐந்து இடங்களுக்கு மாற்றி வைத்தேன். இவர் நித்திரையில் புரண்டாலும் விழித்துப் பார்த்தேன். இல்லாத ஒரு விதவையைச் சந்தேகித்த எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் மௌனத்தைச் சந்தேகிப்பதே வேலையாயிற்று.

திருப்பி வைத்துவிடலாம் என்று பலமுறை எண்ணினேன். வைத்தால் இராசதுரை குற்றமற்றவர் என்பது தெரியும். அடுத்த கேள்விக்கு இந்த வீட்டில் மிஞ்சுகிற ஆள் நான் ஒருத்திதான்.

இவ்வாண்டு ஒரு ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் வழியில், சந்தி மதிலில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பின்னாலிருந்த நானும் வாசித்தேன். இராசதுரையின் படம். நெஞ்சுவலியாம்.

ஆராதனைக்குப் போகாமல் நேரே செத்தவீட்டுக்குப் போனோம். நான் வாசலோடு நிற்கப் பார்த்தேன். இராசதுரையின் மனைவி என்னைக் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

"உங்களைப்பற்றிக் கதைக்காத நாளில்லை அண்ணை" என்று இவரிடம் அழுதார். "ஏன் இப்ப அவர் வாறேல்லை எண்டு கேட்டால், ரீச்சருக்குக் கால் ஏலாது, விட்டிட்டு வரமாட்டார் எண்டு சொல்லுவார்."

இராசதுரை தன் மனைவியிடம்கூட அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை! எங்களுக்கு ஒரு பழி வராமல், என் முழங்காலைச் சாட்டாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்த அம்மா என் காலைத் தடவி, "இப்ப சுகமோ?" என்று கேட்டார். ஓம் சுகம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

முப்பத்தோராம் நாள் கிரியை கீரிமலையில் நடந்தது. இவர் போனார். சைவக் கிரியைக்குப் போவது எங்கள் சபையில் எவரும் செய்யாத காரியம். நானும் கூடப் போனேன். துக்கத்தால் போனேன் என்று நினைக்காதீர்கள். இவர் அங்கே எவரோடு என்ன கதைப்பார் என்ற பயத்தால் போனேன்.

கிரியை முடிந்து அவர்கள் கேணியில் குளிக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் கடலோரக் கல்லில் இருந்தோம்.

"அவன் எடுத்திருந்தாலும் எடுத்திருக்கட்டும்" என்றார் இவர். "ஒருக்காப் போய், பரவாயில்லை, நீயே வைச்சிரு எண்டு சொல்லியிருக்கலாம். என்ன?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓம்" என்றேன். "சொல்லியிருக்கலாம்."