சிரிச்சவன்லாம் எந்திரி

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. நாற்பதை நெருங்கும்போது கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸில் ஒருவன் என் காலை நன்றாக மிதித்துவிட்டுத் திரும்பி முறைத்தான். நான் அவனிடம் "ஸாரி" என்றேன். மிதிபட்டவன் நான்! பக்கத்தில் நின்ற என் மனைவி வீடு வந்து சேரும்வரை சிரித்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனாலும் உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சல் கிடையாது. அவள் தோசை சுடுவாள். நான் பக்கத்தில் நின்று அலுவலகத்து ஆட்களைப் போல நடித்துக் காட்டுவேன். தோசை கருகும். கருகிய தோசையைத் தின்றுகொண்டு இன்னொரு முறை நடிக்கச் சொல்லுவாள்.

மாஸ்டர் என்னைவிட எட்டு வயது சின்னவர். உதைக்கச் சொல்லித் தருவதில் கெட்டிக்காரர், அதில் குறையே சொல்ல முடியாது. அதோடு ஆம்பளைப் பாடம் என்று தனியாக ஒன்றும் நடத்துவார். "ஏலே, ஆம்பள பல்லக் காட்டிச் சிரிக்கப்பிடாது. அழப்பிடாது. மன்னிப்புக் கேக்கப்பிடாது. வீட்டுக்குள்ள நுழைஞ்சா பொண்டாட்டி எந்திரிச்சு நிக்கணும், பாத்துக்கோ." சிரித்து மாட்டினால் ஐம்பது தண்டால். வங்கிக்காரர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி ஆசிரியர் என்று தொப்பையும் வழுக்கையுமாகப் பன்னிரண்டு பேர், "சரி மாஸ்டர்" என்று கத்துவோம். அவர் 'ஏலே' போட்டதில் எனக்கு ஒரு சுகம் இருந்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் என்னைத் திட்டும் அளவுக்குக்கூட யாரும் பொருட்படுத்தியதில்லை.

இரண்டு வருடம் ஓடியது. பிரவுன் பெல்ட் தேர்வு நெருங்க நெருங்க எனக்கு முற்றிவிட்டது. வீட்டில் ஒற்றை வார்த்தையில் பேச ஆரம்பித்தேன். "சோறு." "தண்ணி." "சட்டை." குளியலறையில் இருந்த ரோஸ் கலர் வாளியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுக் கறுப்பு வாளி ஒன்று வாங்கி வைத்தேன். அடுப்படிப் பக்கமே போகவில்லை. முதலில் கேலி செய்தவள், போகப்போகக் கேலியையும் நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "பெல்ட்டு வாங்குங்க, வேண்டாங்கல. என் கூடச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரே ஒருத்தரு, அவரு திரும்பி வருவாரா மாட்டாரான்னு மட்டும் சொல்லிருங்க. வரமாட்டாருன்னா நானும் அதுக்குத் தக்கன இருந்துக்கிடுதேன்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தைக் காட்டக்கூடாது என்பதும் பாடத்தில் இருந்ததால் "ம்" என்றேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் எங்களைச் சினிமாவுக்கு அழைத்துப்போனார். அவர் சுவரொட்டியை மட்டும் பார்த்திருக்கிறார்: வெள்ளைச் சீருடை, கறுப்பு பெல்ட், முறுக்கிய முஷ்டி. என்ன மாதிரிப் படம் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதும் ஆம்பளைக்கு அழகில்லை போலிருக்கிறது. காலை வகுப்பு முடிந்ததும் சீருடையோடும் குடும்பத்தோடும் வரிசையாக வர வேண்டும் என்று உத்தரவு. அப்படியே போனோம். டிக்கெட் கிழிப்பவர், "படத்துல நடிச்சவியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பத்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. அது சண்டைப் படமே இல்லை. எங்களைப் போன்ற ஒரு கராத்தே கூட்டத்தை முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கிழிகிழி என்று கிழிக்கிற படம். திரையில் இருந்த மாஸ்டர், ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது என்று சீடர்களைக் கொட்டும் மழையில் நிறுத்துகிறார். எல்லோருக்கும் சளி பிடிக்கிறது. தும்மலையும் அடக்கச் சொல்கிறார். தியேட்டரே சிரிக்கிறது, எங்கள் வரிசையில் மட்டும் ஒரு சத்தம் இல்லை. மருந்துக்கடைக்காரர் பெல்ட் நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்து கதாநாயகன் வீட்டுக்குப் போகிறான். ஜன்னலில் தொங்கும் பூப்போட்ட திரைச்சீலையை முறைத்துப் பார்க்கிறான். அதைக் கழற்றி, கயிற்றால் கட்டி, கைதியைப் போல வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறான்.

"வாளி" என்றாள் என் மனைவி, என் காதோரம்.

திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பதில் கேட்கிறாள் என்று தெரிந்தது. பிரவுன் பெல்ட்டை ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் சிரித்தேன். மூன்று மாதச் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இடைவேளையில் மாஸ்டர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "சிரிச்சவன்லாம் எந்திரிலே."

நான் எழுந்தேன். என் மனைவியும் எழுந்தாள். வங்கிக்காரர் எழுந்தார், அவர் மனைவி எழுந்தார். மருந்துக்கடைக்காரர் பெல்ட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்தார். இப்படியே பன்னிரண்டு பேரும் நின்றோம். பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம், "நாங்களும்லா சிரிச்சோம், எந்திரிக்கணுமா?" என்று கேட்டது.

மாஸ்டர் முகம் சுருங்கிப்போயிற்று. வெளியே போகத் திரும்பினார். என் மனைவிதான் தடுத்தாள். "போயிராதிய மாஸ்டர். அந்த மாஸ்டருக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போங்க." என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

படத்து மாஸ்டர் செத்துப்போகிறார். தன் உதையின் அழகைக் கண்ணாடியில் பார்த்து ரசித்தபடி பின்னோக்கி நடந்து மாடிப்படியில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் உடலைச் சுற்றி விறைப்பாக நிற்கிறார்கள். அழக்கூடாது என்று அவர்தானே சொல்லியிருக்கிறார், ஒருவரும் அழவில்லை. பந்தல்காரன் வந்து நாற்காலிகளை அடுக்குகிறான். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் மாஸ்டர் அசையாமல் இருந்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நான் செத்துப்போனா நீங்க அழுவியளா?"

"அழுவேன் மாஸ்டர்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எதிரில் உயிரோடு நிற்கிற மனிதருக்காக, நடுப்பகலில், வெள்ளைச் சீருடையில், தேம்பித் தேம்பி அழுதேன். என் மனைவி நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். யாரை அதட்டுவது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. "பைய, அண்ணாச்சி, பைய" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"விடுங்க மாஸ்டர், அழட்டும்" என்றாள் அவள், முந்தானையால் என் முகத்தைத் துடைத்தபடி. "எங்க வீட்டு ஆளு வந்துட்டாரு."