தேனு கடைசியில் சொன்னது

ரேடியோ ரிப்பேர் தொழிலில் ஒரு கொடுமை உண்டு: பேசுகிற செட்டு கடையில் தங்காது, கடையில் தங்குகிற செட்டு பேசாது.

ஆலங்குடிக் கடைத்தெருவில் முடி நரைக்கிற வரைக்கும் இந்தத் தொழில்தான் பார்த்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து சுமார்தான், காது மட்டும் நல்ல காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் காட்டுக் கதைத் தொடர் போடும். புலி, யானை, அருவி, துப்பாக்கி எல்லாம் கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டுப் போகும். சரியான இடம் பார்த்து ‘அடுத்த வாரம்’ என்று நிறுத்துவான் பாருங்க, அந்த ஒரு வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

நான் சொல்லப்போவது ‘கொம்பன் காடு’ என்ற தொடரைப் பற்றி. ஒரு பாரஸ்ட் ரேஞ்சர். தாயில்லாத அவருடைய மகள் தேனு. அந்தக் காட்டில் ஒரு கொம்பன் யானை. தந்தத்துக்காக அதை விரட்டிக்கொண்டு அலைகிற ஒருவன். கதை முடிகிற இடத்தில் தேனு அப்பனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும். அது எனக்கு மறந்துபோய்விட்டது. அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் இந்த வயதில் பஸ் ஏறிப் போனேன். அதைச் சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.

பிடுங்கிய வயர்

சுப்பையா என்று ஒரு பெரியவர். கடலை வியாபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். திறந்து பார்த்தால் ஸ்பீக்கருக்குப் போகிற அதே வயர் அறுந்திருக்கும். ஈயம் வைத்து ஒட்டி, போட்டுப் பார்ப்பதற்குள் தொடர் ஆரம்பித்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒரு வாரம் நான் வேலையைத் திருத்தமாகச் செய்தேன். “பெரியவரே, இனிமே இந்தச் சென்மத்துக்கு இது பிடுங்காது” என்றேன். பாவம், சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிப்போனது. அவர் சம்சாரம் செத்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “கொஞ்சம் லூசாவே இருக்கட்டும் தம்பி. வீட்டுல ஒத்தையில கேட்டா புலி பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு.”

ஆனை வேண்டாம்

பால் ஊற்றுகிற அம்மா ஒருத்தி பெரிய செட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “என்னம்மா, பாடலையா?” என்றேன். “நல்லாத்தான் பாடுது” என்றாள். பிறகு என்ன கேடு என்று கேட்டதற்கு, மாடு பால் தரமாட்டேன் என்கிறது என்றாள். நான் மாட்டு டாக்டர் இருக்கிற தெருவைக் கை காட்டினேன்.

விஷயம் இதுதான். சாயங்காலக் கறவை நேரத்தில் அவள் வீட்டுக்காரர் தொழுவத்துக்குப் பக்கத்துச் சன்னலில் ரேடியோவை வைத்துத் தொடர் கேட்கிறார். கொம்பன் பிளிறியதும் மாடு மடியை இறுக்கிக்கொள்கிறது. அப்படியானால் ரேடியோவை உள்ளே எடுத்து வைக்கவேண்டியதுதானே என்றேன். கறந்துகொண்டே கதையை அவளும் கேட்கவேண்டுமாம். மேஜையில் கிடந்த என் திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். “பொட்டியத் தொறங்க மெக்கானிக்கு. பாட்டு, நூஸு எல்லாம் இருந்துட்டுப் போகட்டும், ஆனைய மட்டும் வெளிய எடுத்துருங்க.”

இடி விழுந்த ஞாயிறு

கடைசிக்கு முந்தின வாரம் கதையைக் கொண்டுபோய்த் தொங்குபாலத்தில் நிறுத்திவிட்டான். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து தொங்குகிறது. நடுப்பாலத்தில் தேனு. இந்தக் கரையில் ரேஞ்சர், அந்தக் கரையில் துப்பாக்கியோடு தந்தக்காரன், கீழே வெள்ளம். அந்த வாரம் பூராவும் கடைத்தெருவில் வேறு பேச்சு கிடையாது. தேனு பிழைக்குமா பிழைக்காதா என்று டீக்கடையில் ரெண்டு கட்சி பிரிந்து நின்றார்கள்.

முடிவு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆரம்ப இசை நன்றாகக் கேட்டது. அப்புறம் இடி. வறுசட்டியில் கடலை வெடிக்கிற மாதிரி படபடவென்று ஒரே சத்தம். நடுவில் ‘அப்பா’ என்று ஒரு குரல் வந்த மாதிரி இருந்தது, அதோடு சரி. என் கடையில் இருந்த அத்தனை செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் கடலைதான் வறுத்தது. மறுநாள் நான் போவதற்கு முன்னாலேயே கடை வாசலில் கூட்டம். ஒவ்வொருவரும் தன் செட்டுதான் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். செட்டுக்கு ஒன்றும் இல்லை, வானம்தான் கோளாறு, எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று தொண்டை வறளச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. வரிசையில் முன்னால் நின்றவர் சொன்னார்: “வானத்து மேல பழி போடாதீங்க மெக்கானிக்கு, போன மாசம் இதத் தொறந்து நோண்டுனது நீங்கதான?”

கட்டுமாவடிச் செய்தி

அந்த நேரம் என் வீட்டுக்காரி அஞ்சலை தலைப்பிரசவத்துக்குக் கட்டுமாவடியில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். கடற்கரை ஊர். அக்கரை ஸ்டேஷன் அங்கே பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். மாமனாருக்கு நானே ஒரு செட்டு பூட்டிக் கொடுத்திருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் பேச்சு, “ஏங்க, தேனு பொழைச்சிருச்சுங்க.”

சேதி பரவி, சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. அஞ்சலை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். உள்ளங்கையால் தொடையில் தட்டினால் யானை நடந்து வரும். கொம்பன் வெள்ளத்துக்குள் இறங்கி, பாலத்துக்கு நேர் கீழே வந்து நின்றதாம். தேனு கயிற்றைப் பிடித்துச் சறுக்கி அதன் கழுத்தில் உட்கார்ந்ததாம். யானை கரை ஏறியதும் அந்தப் பொண்ணு அப்பனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும். அந்த இடத்தில் மட்டும் அஞ்சலை குரலை நன்றாக இறக்கிவிடுவாள். யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். சுப்பையா பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ரேடியோவுல கேட்டிருந்தாக்கூட ஆனை இம்புட்டுக் கிட்டத்துல வந்திருக்காது ஆத்தா.”

தாழக் கட்டிய ஏரியல்

அதற்கப்புறம் செட்டு கொடுக்க வருகிறவர்கள் கதையையும் கேட்டுவிட்டுப் போனார்கள். அரிமளத்திலிருந்து வந்த ஜவுளிக்காரர் ஒருவர், “அதெப்புடிங்க, தந்தக்காரன் தப்பிச்சு ஓடிட்டானா? அவனுக்குத் தண்டனையே இல்லையா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்த தடவை அஞ்சலை சொல்லும்போது தந்தக்காரன், யானைக்கு அவனே வெட்டி வைத்த குழியில் விழுந்தான். இன்னொரு தடவை ரேஞ்சரின் நாயும் வந்தது.

எனக்குக் காது நல்ல காது என்று சொன்னேன் அல்லவா, உடனே பிடித்துவிட்டேன். “முந்தி இப்புடிச் சொல்லலையே?” என்றேன். “அந்த எடத்துல கொரகொரன்னுச்சுங்க, இப்பத்தான் நெனப்பு வருது” என்றாள். கடலைத் தாண்டி வருகிற ஸ்டேஷன் அப்படித்தான் ஏறி ஏறி இறங்கும் என்று கடையில் இருந்தவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன். உங்க அப்பா ஏரியல் கம்பியைத் தாழக் கட்டியிருப்பார், அதுதான் கோளாறு என்று அவளிடமும் அடித்துச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: “ஆமாங்க, எங்கப்பா தாழத்தான் கட்டிப்புட்டாரு.”

செல்போனில் காடு

அஞ்சலை போய் ரெண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மத்தியானம் படுத்தால் தூக்கம் வராது. அவள் சொன்ன மாதிரியே கதையை எனக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பாலம் வரும், வெள்ளம் வரும், தொடையில் கை தட்டுகிற சத்தம்கூட வரும். யானை கரை ஏறியதும் நின்றுவிடும். தேனு வாயைத் திறக்கும், வார்த்தை வராது. எத்தனை தடவை கேட்டது அது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, அதையே யோசித்துக் கை கழுவிய நாள் உண்டு.

பேத்தி செல்போனில் எல்லாம் கிடைக்கும் என்றாள். தேடினாள். அந்தக் காலத்துப் பாட்டு இருக்கிறது, பல்பொடி விளம்பரம்கூட இருக்கிறது. நாங்கள் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: “காடு வருது, கொம்பன் வருது தாத்தா. ஒங்க தேனு மட்டும் எங்கயும் இல்ல.”

பாக்கியம்

அப்போதுதான் அஞ்சலையின் தங்கச்சி பாக்கியம் நினைவு வந்தது. அக்காவோடு அதே வீட்டில் இருந்தவள், சேர்ந்துதான் கேட்டிருப்பாள். பஸ் ஏறிக் கட்டுமாவடிக்குப் போனேன். கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க மச்சான். மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?” என்றாள். பல்லு போன வயதிலும் அவளுக்கு வாய் மட்டும் போகவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். “கொம்பன் காடு கடைசி வாரம். தேனு என்ன சொல்லுச்சு?” அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

“நாங்க எங்க மச்சான் கேட்டோம்? நீங்க பூட்டிக் குடுத்த பொட்டிய அப்பா படகுல கொண்டுபோயி உப்புத்தண்ணி எறங்கி அது ஊமையாக் கெடந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்ல அப்பாவுக்குப் பயம்.” பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். ஆலங்குடியில் யாருக்கும் கதை கேட்கவில்லை, மாப்பிள்ளைக்குச் சோறே இறங்கவில்லை என்று என்னைப் பார்த்துவிட்டு வந்த மாமனார் சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து அஞ்சலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்துகொண்டே, அப்படி முடிக்கலாமா இப்படி முடிக்கலாமா என்று தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். “தேனு பொழைக்கணும்னு அக்கா சொல்லுச்சு. ஆனையத் தண்ணியில எறக்குனது நான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. கருவாட்டுப் பக்கம் வந்த காக்கையை விரட்டினேன். “சரி பாக்கியம், அதெல்லாம் போகட்டும். ஆனை கரையேறுன பிறகு தேனு ஒண்ணு சொல்லுமே, அதுக்கு என்ன வச்சீங்க? அதை மட்டும் சொல்லு” என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அப்புடி ஒண்ணு நாங்க வைக்கவே இல்லையே மச்சான். அது ஒங்களுக்குன்னு அக்கா தனியாப் போட்டதா இருக்கும்.”

ஊரார் செட்டையெல்லாம் பேச வைத்துக் கொடுத்த இந்த நல்ல காதுக்காரன், தனக்கென்று ஒருத்தி பேசியதை மட்டும் ரேடியோவில் வந்ததாக நினைத்துக் கேட்டு, மறந்துபோய்விட்டான்.