மேற்கில் தொடங்கும் பாட்டு

முக்கூடலில் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கும் வயலுக்கும் நாலு பக்க எல்லை எழுதுகிறேன். சாயங்காலம் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுகிறேன். பத்திரத்தில் ஒரு சொல் கூடினால் கோர்ட்டு வரைக்கும் போகும். பாட்டில் ஒரு சொல் கூடினால் பிள்ளைகளே கத்தரித்துவிடுவார்கள்.

பாட்டை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் இருந்துவிடுவேன். மறுநாள் வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து அது என் காதுக்குத் திரும்பி வந்தால், பாட்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வராது. கொசுவைப் பற்றி நான் உருகி உருகி எழுதிய பன்னிரண்டு வரி, எதிர்வீட்டு நாலாம் வகுப்புக்காரியிடமே செத்துப்போனது. "மறந்துட்டேன் அத்த," என்றாள், முறுக்கைக் கடித்தபடி. அவள்தான் என் தபால்காரி. வேலையை விட்டு நீக்கவும் முடியாது, வேறு ஆள் இல்லை.

பெரியவர்களில் என் பாட்டைக் கேட்பவர் ஒருவர்தான், பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலமானால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் "சுமாரா இருக்கு தாயீ" என்பார். எந்தப் பாட்டுக்கும் அதற்கு மேல் அவரிடமிருந்து பெயர்ந்ததில்லை. ஆனாலும் அந்தச் சுமாருக்காகவே எழுதிய நாட்கள் உண்டு. என் வீட்டுக்காரர் பாட்டு என்றாலே துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்.

அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கோளாறு. அவர் வீட்டுக்குள் விழுந்த பந்து வெளியே வராது. பிள்ளைகள் கெஞ்சினாலும் வராது, அழுதாலும் வராது. அந்தக் கோடை விடுமுறையில் மட்டும் ஒன்பது பந்து போயிற்று. ஒன்பதாவது போன அன்று எனக்குக் கை அரித்தது. வீட்டை ஒட்டிய சந்திலிருந்து, எங்கள் பேச்சில் முடுக்கிலிருந்து, தொடங்கி எழுதிவிட்டேன்.

*மேற்கே முடுக்கு, முடுக்கில் முருங்கை,*
*கிழக்கே கிணறு, கிணற்றில் தவளை,*
*தெற்கே தெருவு, தெருவில் நாங்க,*
*வடக்கே வாழை, வாழையில் அணில்,*
*நாலுக்கும் நடுவே நிக்குது வீடு,*
*நாள்தோறும் பந்து தின்னுற வீடு.*

தபால்காரியிடம் சொன்னேன். மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஆறு பிள்ளைகள் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று படித்தார்கள். மூன்றாம் நாள் ஆற்றுப் படித்துறையில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பொடியன் படித்துக்கொண்டே முங்கினான். எனக்கு நிலைகொள்ளவில்லை. முதல் தடவையாக ஒரு பாட்டு ஓடுகிறது, அதை அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிக்காட்ட முடியவில்லை.

நாலாம் நாள் அவரே வந்தார். முகம் வாடியிருந்தது.

"பந்துக்காவ என்னைத் திட்டட்டும், வீட்டை ஏன் திட்டுதானுவ? ஒவ்வொரு பந்துக்கும் ரெண்டு ஓடு உடையுது. இந்த ஓடு இப்ப எங்கயும் கிடைக்க மாட்டேங்கு. அதை எவனாவது பாடுதானா?"

"பிள்ளைகதான அண்ணாச்சி."

"இது பிள்ளைக எழுதினது இல்ல. எவனோ விவரமான பய எழுதிக் கொடுத்திருக்கான். நீ ஒண்ணு செய் தாயீ. பதிலுக்கு ஒரு பாட்டு எழுதித் தா. அந்தப் பய வாயடைக்கணும்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால், சொன்னால் இந்த மனுஷர் இனி என் பாட்டைக் கேட்க உட்கார மாட்டாரே என்று பயமாக இருந்தது. அதைவிடக் கேவலமான காரணமும் ஒன்று உண்டு. ஒரு பாட்டுக்கு நானே பதில்பாட்டும் எழுதும் வாய்ப்பை விட மனசில்லை. "எழுதிட்டாப் போச்சு அண்ணாச்சி, அவன் யாருன்னு பாத்துருவோம்" என்றேன். வாய் கூசவில்லை.

*பந்து எனக்குப் பலகாரம் இல்ல,*
*பசிச்சாக்கூட பந்து தின்ன மாட்டேன்,*
*ஓட்டை உடைச்சவன் ஓடிப் போனான்,*
*ஒழுகுத மழையில நனைஞ்சது நான்தான்.*

வீடே பேசுகிற மாதிரி. அண்ணாச்சி இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். "சுமாரா இருக்கு" என்று சொன்னாலும், நாற்காலியிலிருந்து எழும்போது உதடு அசைந்தது. மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு தினமும் ஆறு மணிக்குப் பாட்டுக்குப் பாட்டு ஏசல் தொடங்கிவிடும். அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி. அவருக்குக் குரல் இல்லை, தாளம் உண்டு, கேட்டிலேயே தட்டுவார். இரண்டு பக்கமும் என் பாட்டு. நான் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் நின்று, காய்ந்த துணியையும் காயாத துணியையும் மடித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததே இல்லை.

பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள், பட்டா விஷயமாகப் பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி என் எழுத்து மேசைக்கு வந்தார். அவரும் தம்பியும் பாகம் பிரித்தபோது எழுதியது. நகல் எடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைய வாசித்தார்.

"மேற்கு, பொது முடுக்கு. கிழக்கு, கிணறு. தெற்கு, தெரு. வடக்கு, வாழைத் தோட்டம்." நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"மத்தவன்லாம் வடக்குல தொடங்குவான். நீ ஒருத்திதான் மேற்குல தொடங்குவ."

உண்மைதான். இங்கே மலை மேற்கே இருக்கிறது, ஆறும் அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு எல்லாம் மேற்கில்தான் தொடங்கும். அந்தப் பழக்கம் பாட்டுக்குள்ளும் புகுந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நகல்கூடக் கேட்காமல் எழுந்து போனார்.

அன்று ஆறு மணிக்கு நாற்காலி வாசலுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாலு நாள் அப்படியே போனது. பிள்ளைகள் மூடிய கதவைப் பார்த்துப் பாடிப் பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய், அவர் வீட்டு கேட் வரைக்கும் நடந்துவிட்டு இரண்டு தரம் திரும்பி வந்தேன்.

ஐந்தாம் நாள் அடுப்படியில் இருந்தபோது வாசலில் கூச்சல் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன், தபால்காரிதான் முன்னால் நின்றாள். பின்னால் தெருவே நின்றது. அண்ணாச்சியோடு நாற்காலியும் அவர் வாசலுக்கு வந்திருந்தது.

*மேற்கே மூக்குல கண்ணாடி ஆடும்,*
*கிழக்கே கொண்டையில் பேனா ஆடும்,*
*தெற்கே செருப்பு ஜோடி மாறிக் கிடக்கும்,*
*வடக்கே பாத்தா வாயெல்லாம் பொய்யி,*
*நாலுக்கும் நடுவே நிக்குத ஆளு,*
*பாட்ட விட்டுட்டுப் பம்முத ஆளு.*

கடைசி வரி வந்ததும் அத்தனை பிள்ளைகளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் பம்மினார்கள். ஒரு குட்டி பம்மிய வேகத்தில் உருண்டே போனது. உடனே மறுபடியும் முதலிலிருந்து. இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு இது தோன்றியதில்லை, பாட்டில் உடம்புக்கும் ஒரு வேலை வைக்க வேண்டும் என்று. நாலே நாளில் அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது. சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. காலைப் பார்த்தேன், செருப்பு ஜோடி மாறித்தான் கிடந்தது.

"எப்படி இருக்கு தாயீ?" என்றார் அண்ணாச்சி. முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார், நாற்காலி நுனிக்கு வந்து. நான் அவர் முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பேனோ அதே மாதிரி.

"சுமாரா இருக்கு அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். என் பாட்டு இரண்டையும் பிள்ளைகள் அந்த வாரமே மறந்துவிட்டார்கள். ஒன்பது பந்தும் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அவர் பாட்டு மட்டும் முக்கூடலைத் தாண்டிப் போய்விட்டது. பத்திரம் எழுத வருகிறவர்கள்கூட என் கொண்டையை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார்கள்.

அன்று கடைசி வரிக்கு எல்லோரும் மறுபடி பம்மியபோது, தபால்காரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த, நீங்க மட்டும் நிக்கீங்க."

நடுத்தெருவில், நாற்பத்தாறு வயதில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு பம்மினேன். அண்ணாச்சி அப்போதுதான் சிரித்தார்.