வலிக்கிற வசனம்

தம்போய் நகரில் ஒரு லாரிப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கும் மனோகரன் தினமும் விடியுமுன் வேதாகமத்தைத் திறப்பார். அன்றைய பகுதியை வாசித்துவிட்டு, கண்மூடி, கடவுள் தன்னிடம் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பார். வேலை மாறியதும் வீடு வாங்கியதும் அப்படிக் கேட்டுத்தான்.

இந்த ஆண்டு அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. பாலோ ஊரில் இருக்கும் தம்பி தேவசகாயத்துக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அண்ணனுடையது பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்தது. கொடுப்பதா, வேண்டாமா?

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்கு இதமாக இருக்கும் வசனத்தை நம்பமாட்டார். அது சொந்த ஆசையின் குரலாக இருக்கலாம். குத்துகிற வசனம்தான் கடவுளுடையது. பயப்படாதே என்ற வசனம் வந்த காலையில் பக்கத்தைத் தள்ளிவிட்டார். மகனைப் பலியிட மலையேறிய தகப்பனின் கதை வந்த காலையில் முகம் வெளிறி எழுந்தார்.

"கொடுக்கச் சொல்றாரு" என்றார் மனைவி வாசுகியிடம்.

"வலிச்சா கடவுள், சுகமா இருந்தா சாத்தானா? நல்லா இருக்குலா உங்க கணக்கு. அதே கதையில, வேணாம், நிறுத்துன்னு சொன்னதும் அவருதானே?"

மனோகரன் வேதத்தை மூடி வைத்தார்.

"கொடுக்காதீங்கன்னு நான் சொல்லல. உங்களுக்கு என்ன தோணுதுன்னுதான் கேக்குறேன்."

அதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில், கொடுக்க வருபவரைத் தனியே உட்காரவைத்து விசாரிப்பார்கள். ஷர்மினி என்ற இளம் அதிகாரி கேட்டாள்.

"அங்கிள், யாராச்சும் உங்கள வற்புறுத்துனாங்களா? தம்பி, குடும்பத்துல யாராவது, சர்ச்சுல?"

"இல்லம்மா."

"அப்ப இது உங்க சொந்த முடிவுதானே?"

கடவுள் சொன்னார் என்று சொல்லத்தான் வந்திருந்தார். வாய் வரை வந்தது நின்றுவிட்டது. கட்டளைக்குப் பணிவதைச் சொந்த முடிவு என்று சொல்லலாமா? சொல்ல முடியாதென்றால், கொடுக்கப்போவது யார்?

"கொஞ்சம் டைம் வேணும்மா."

"அவசரமே இல்ல அங்கிள்" என்றாள். வெளியே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அவசரம் என்பது இருவருக்கும் தெரியும்.

"என்னண்ணே, பரீட்சை பாஸா?" என்று சிரித்தான் தேவசகாயம்.

"முடியலடா. இன்னொரு நாள் வரணும்."

சிரிப்பு அடங்கியது. "பயமா இருக்காண்ணே?"

"ஆமாடா."

தம்பி பக்கத்து நாற்காலியிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கும்தான். உக்காருங்க."

மறுநாள் காலை வாசிப்பில் வந்தது வம்சப் பெயர்கள். இன்னாருக்கு இன்னார் மகன், அவனுக்கு இன்னார் மகன். குத்தவும் இல்லை, தேற்றவும் இல்லை. வாசித்து முடித்தும் வெகுநேரம் மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கொடுக்கலாம்னு இருக்கேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

வாசுகியின் கையில் கரண்டி நின்றது. அவள் கேட்டிருந்தது இந்தப் பதிலைத்தான். முடிவு கணவருடையது; இனி ஏதாவது ஆனால், கடவுளிடம் போய்ச் சண்டை போடக்கூட முடியாது. திரும்பிப் பார்க்காமல் அடுப்பை அணைத்தாள்.