திருத்தம் கைவைத்த சைக்கிள்

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் அவருக்குத் 'திருத்தம்' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கலாம். அவர் மேசைக்குப் போன எந்த வரைபடமும் சிவப்பு மையில் ஒரு கோடாவது வாங்காமல் திரும்பியதில்லை. ஒருமுறை, அவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட படத்தைக் கையெழுத்தை மட்டும் மறைத்து நகலெடுத்து மறுபடி அவரிடமே அனுப்பினார்கள். உடம்பெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தது. விஷயம் வெளியே வந்தபோது அவர் கலங்கவில்லை.

"அன்னிக்குக் கண்ணுக்குத் தப்பினது இன்னிக்கு மாட்டிச்சு. இதுக்குத்தான் ரெண்டாவது தடவை பாக்கணுங்கறது" என்றார்.

வெட்கம் என்பது அவர் வரைபடத்தில் போடப்படாத குழாய்.

வீட்டில் திருத்துவதற்கு அதிகம் கிடைக்கவில்லை. மகள் காது கேட்காதவள்போல் இருக்கச் சின்ன வயதிலேயே பழகிவிட்டாள். மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பிறகு தன் போக்கில் செய்வாள். மிச்சம் இருந்தது சைக்கிள்.

சைக்கிள் மனைவியுடையது. கல்லூரி நாட்களில் அவள் பந்தயம் ஓட்டியது. மெல்லிய ஸ்டீல் குழாய்களாலான ஃப்ரேம், குழாய்கள் சேரும் இடங்களில் இலைபோல வெட்டிய வேலைப்பாடு, மங்கிய பச்சை. கல்யாணமானபோது அவளோடு வந்து கூடத்துச் சுவரில் ஒரு கொக்கியில் தொங்கியது. கொக்கியை அவளேதான் தன் கைக்கு எட்டும் உயரத்தில் அடித்திருந்தாள். வருகிறவர்கள் தலையில் பெடல் இடிக்கிறது என்று அவர் அதைப் பிடுங்கி மேலே அடித்தார். அதன் பிறகு அவளால் சைக்கிளை இறக்க முடியவில்லை. அவர் இறக்கவில்லை. வருடங்கள் போயின. பெடலில் ஒட்டடை படிந்தது.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை பார்த்தாள். இந்த வருடம் அவளுக்குக் காலை முறை கிடைத்தது. அவளே கேட்டு வாங்கியது. மத்தியானத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். சில நாட்கள் அவர் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் கொட்டாவி விட்டார். அவள் நடக்கத் தொடங்கினாள். நடந்தால் வேர்த்து விறுவிறுத்துத் தாமதமாகத்தான் போய்ச் சேர முடிந்தது.

"என்னங்க, அந்தச் சைக்கிளை இறக்கிக் குடுங்க. டயரும் பிரேக் கட்டையும் மாத்தினா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் இறக்கினார். 'போதும்' என்ற சொல் மட்டும் அவர் காதில் விழவில்லை.

"டயர் மாத்தறதுன்னா ரிம்மைப் பாக்கணும். ரிம்முன்னா சக்கரம். சக்கரம்னா கியர். கியர்னா செயின். ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொடணும். அரைகுறையா கைவைக்கக் கூடாது."

"ஓடினா போதுங்க."

"ஓடறது ஒரு பெரிய விஷயமா? மாடுகூட ஓடுது. எப்படி ஓடுதுங்கறதுதான் விஷயம்."

அவர் ஆர்வத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்தும் விடியாமலும் சைக்கிள் ஓட்டிவிட்டு டீ குடிக்கிற ஒரு கூட்டத்தில் அவர் போன வருடம் சேர்ந்திருந்தார். 'சபை' என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ஜவுளிக்கடை முதலாளி ஒருவர். சபையில் ஓட்டுகிற நேரத்தைவிட டீ குடிக்கிற நேரம் அதிகம். டீயைவிடப் பேச்சு அதிகம். அவர்களுடையதெல்லாம் ஒரு விரலில் தூக்கிவிடக்கூடிய கார்பன் சைக்கிள்கள். திருத்தம் அங்கே ஓட்டிப்போகும் சாதாரண சைக்கிளைத் தூக்க இரண்டு கையும் கொஞ்சம் முனகலும் வேண்டும். அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில், "வீட்டுல பழைய ஸ்டீல் ஃப்ரேம் ஒண்ணு கெடக்கு. காலேஜ்ல நான் பந்தயம் ஓட்டினது" என்றார். அந்த 'நான்' அவர் நினைத்துச் சொன்னதல்ல, வழுக்கி வந்துவிட்டது. வந்தது வந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பல் டாக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அடேங்கப்பா. இத்தனை நாளா சொல்லவே இல்லையே சார்."

"என்னத்தச் சொல்றது" என்று திருத்தம் வானத்தைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு அவருக்கு முதலில் டீ வந்தது.

ஆகவே அந்தப் பச்சை ஃப்ரேமில் இன்றைக்குக் கிடைக்கிற நல்ல உறுப்புகளையெல்லாம் ஏற்றிச் சபைக்குக் காட்டுவதென்று முடிவாயிற்று. சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பூட்டிய சைக்கிளைப் படம் எடுக்காமல் யாரும் ஓட்டக் கூடாது. படத்தில் செயின் இருக்கும் பக்கம் தெரிய வேண்டும், காற்றடைக்கும் வால்வு இரண்டு சக்கரத்திலும் நேர் கீழே நிற்க வேண்டும். ஓட்டிய பிறகு எடுத்தால் அது வெறும் சைக்கிள் என்பார்கள்.

வேலை தொடங்கியது. பழைய உறுப்புகளைக் கழற்றி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே சிவப்பு மையில் 'கழிவு' என்று எழுதினார். பெடல் அச்சைத் தாங்கும் கப் மட்டும் வரமாட்டேன் என்றது. ஸ்பேனரில் குழாயைச் செருகிக் கொண்டு காலை முழுக்கத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வலது பக்கக் கப்புக்கு மரை எதிர்ப்பக்கமா ஓடும்" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நீங்க கழட்டல, இறுக்கறீங்க."

அவர் கேட்காததுபோல் இருந்தார். முகம் கழுவினார். செய்தித்தாள் படித்தார். அவள் மாடிக்குத் துணி உலர்த்தப் போனதும் எதிர்ப்பக்கமாகத் திருகினார். வந்துவிட்டது.

"எண்ணெய் விட்டு ஊற வெச்சேன், எளகிடுச்சு" என்றார், அவள் இறங்கி வந்ததும்.

"அப்படியா" என்றாள்.

புதுப் பின்சக்கரம் ஃப்ரேமுக்குள் நுழையவில்லை. இப்போதைய சக்கரங்களில் கியர் தட்டுகள் அதிகம், அச்சு அகலம். பின்பக்கத்து இரண்டு கால்களுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் குறைந்தது. திருத்தம் வெர்னியர் அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தார். வெர்னியர் மனம் மாறவில்லை. கடைசியில் ஒரு திருகுக் கம்பியை இரண்டு கால்களுக்கும் நடுவே கொடுத்து, நட்டை முடுக்கி முடுக்கி அகட்டினார். ஃப்ரேம் ஒருமுறை முறுக்கென்றது. கதவருகே நின்றிருந்த மனைவி புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"உடையாதா?"

"ஸ்டீல். கார்பன் மாதிரி வீம்பு புடிக்காது. சொன்ன பேச்சு கேக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள். அவர் அதற்குள் நூல் பிடித்துக் கால்கள் இரண்டும் சமமாக விரிந்திருக்கின்றனவா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். சமமாகத்தான் விரிந்திருந்தன. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிறகு பிரேக். வாங்கி வந்த புது பிரேக்கின் கைகள் குட்டை, ரிம்மை எட்டவில்லை. வேறு பிரேக் வர வேண்டும். வந்தது, போல்ட் நீளம் போதவில்லை. போல்ட் வர வேண்டும். கூரியர்காரருக்கு வீட்டில் எல்லோரையும் தெரிந்துவிட்டது. இதற்கிடையில் மனைவி தினமும் இருட்டோடு எழுந்து, கூடத்தில் தலைகீழாக நின்ற தன் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், நடந்தாள்.

ஒரு வழியாக எல்லாம் ஏறியது. சீட்டை அவர் தன் உயரத்துக்கு வைத்துப் பார்த்தார். சீட்டைத் தாங்கும் தண்டு, 'இதற்கு மேல் தூக்காதே' என்ற கோடு வரைக்கும் வெளியே வந்து நின்றது. ஹேண்டில்பாரையும் தன் கைக்கு ஏற்ப முன்னால் தள்ளினார். ஏறி உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மகள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அப்பா, சர்க்கஸ்ல கரடி ஒண்ணு குட்டி சைக்கிள் ஓட்டுமே..."

"படிக்கற வேலையப் பாரு."

மனைவி சீட்டின் அருகில் வந்து நின்றாள். அது அவள் மார்புக்கு இருந்தது. "எனக்கு எட்டாதே."

"கடைசில எறக்கிக்கலாம்."

"கடைசின்னா எப்ப? மானேஜர் இன்னிக்குச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமையிலேருந்து ஒருநாள் லேட்டானாலும் காலை டியூட்டி வேற ஆளுக்காம்."

"அதுக்குள்ள ஆயிடும். ஞாயித்துக்கிழமை சபை வருது. பாத்து, படம் எடுத்துட்டுப் போயிடட்டும். அதுவரைக்கும் தொடாத."

"என் சைக்கிளை நான் தொடறதுக்குப் பல் டாக்டர் வந்து பாக்கணுமா?"

"அது ஒரு மொறை. உனக்குப் புரியாது."

அவர் சைக்கிளை ஒரு போர்வையால் மூடினார். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை 'கழிவு' பெட்டி மாடிப்படிக்கடியில் இல்லாததையும் கவனித்தார். எடைக்குப் போட்டுவிட்டாள், இடமாவது மிச்சம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை எங்கோ பிரதானக் குழாய் வெடித்து, வாரியத்தில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். பழைய வரைபடங்களை வைத்துக் குழாய் எங்கே போகிறதென்று பொழுது சாயும் வரை தேடினார்கள். திருத்தங்கள் அதிகமாகி, குழாய் எது, திருத்தம் எது என்று தெரியவில்லை. அலுத்துப்போய் வீடு திரும்பினார். கூடத்தில் போர்வை அப்படியே இருந்தது. அதை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் படுத்தார். மண்ணெண்ணெய் வாசனை லேசாக வந்தது. நம் உழைப்பின் வாசனை என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு விடியும் நேரத்தில் சபை வந்தது. மூவரும் செருப்பைக் கழற்றும் இடத்தில் சைக்கிள் ஷூக்களை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்தில் நின்றார்கள். வக்கீல் கேமரா கொண்டுவந்திருந்தார். திருத்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு போர்வையின் முனையைப் பிடித்து இழுத்தார்.

பச்சை ஃப்ரேமில் பழைய பிரேக், பழைய கியர், பழைய பின்சக்கரம். ஒவ்வொன்றும் பாத்திரம் போலத் துலக்கப்பட்டிருந்தது. பிரேக் கட்டையும் டயரும் மட்டும் புதிது. சீட் தாழ்ந்து, ஹேண்டில்பார் பின்னால் வந்து, எல்லாம் ஒரு சின்ன உருவத்துக்காகக் காத்திருந்தன.

திருத்தம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கடியில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. அவர் வாங்கிய புது உறுப்புகள் தாளில் சுற்றி அதற்குள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. மேலே அவர் கையெழுத்திலேயே 'கழிவு'.

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலக் கியரைப் பார்த்தார்.

"எல்லாம் இதோடயே பொறந்தது. ஒண்ணையும் மாத்தல. சார், இப்படி ஒண்ணு நான் படத்துலதான் பாத்திருக்கேன். புதுசு போடறேன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே?"

திருத்தம் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"போட்டேன். எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். மனசு ஒப்பல. எதையும் தொடக் கூடாதுன்னு தோணிச்சு. பழசையே திருப்பிப் பூட்டிட்டேன்."

"பெரிய மனசு சார்" என்றார் ஜவுளிக்கடை முதலாளி.

வக்கீல் சீட்டையும் திருத்தத்தையும் மாறி மாறி அளந்தார். "சீட் ரொம்பக் கீழ இருக்கே? உங்க ஒசரத்துக்கு?"

"காலேஜ்ல நான் கொஞ்சம் ஒசரம் கம்மி."

உள்ளே மகளுக்கு இருமல் வந்தது.

பல் டாக்டர் எழுந்திருக்கவில்லை. "ஒரு சந்தேகம். ஃப்ரேமை அகட்டிட்டேன்னு சொன்னீங்களே. இது பழைய அச்சு, நீளம் கம்மி. நடுவுல இடைவெளி விழுமே. எப்படிச் சமாளிச்சீங்க?"

திருத்தம் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது, முதன்முறையாகத்தான் பார்த்தார்.

மனைவி உள்ளிருந்து வந்தாள். வேலைக்குப் போகும் உடை, தோளில் குறுக்காக மாட்டிய பை, காலில் கான்வாஸ் ஷூ.

"வாஷர் போட்டிருக்காரு" என்றாள். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமான்னு அவரையே கேளுங்க. கொஞ்சம் வழி விடுங்க, இன்னிக்கும் லேப் உண்டு."

அவர்கள் விலகினார்கள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுபோனாள்.

"இன்னும் படம் எடுக்கலையே" என்றார் வக்கீல்.

அவள் ஒரு காலைப் பெடலில் ஊன்றி, மறு காலை வீசி ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் கியர் மாறும் சத்தம் ஒருமுறை டக்கென்று கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மூவரும் திரும்பித் திருத்தத்தைப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் சார்?" என்றார் பல் டாக்டர். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திருத்தம் கையிலிருந்த போர்வையை மடிக்கத் தொடங்கினார். முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பிரித்து, உதறி, மறுபடி மடித்தார்.