மாதாவின் காலடியில் ஜீப் சாவி

எங்கள் கன்னியர் சபைக்கு ஒரு செய்தி மடல் உண்டு. ஐரோப்பாவில் இருக்கிற தலைமை மடத்தில் தயாராகி, எந்தெந்த நாட்டில் எங்கள் சகோதரிகள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் போகும். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது கள்ளக்குறிச்சி வீட்டில் நடந்ததும் ஒரு முறை அதில் வந்தது. சாலைகள் அடைபட்டுக் கிடந்த நாளில் பழைய தலைவியும் புதிய தலைவியும் ஒரே மனதாகச் செயல்பட்டு, மலைமேல் நோயில் கிடந்த சகோதரியைக் காப்பாற்றினார்கள் என்று போட்டிருந்தார்கள். ஒரே மனதாக இருந்தார்கள் என்பது சரி. செயல்பட்டார்கள் என்பதுதான் இல்லை.

நான் அப்போது அந்த வீட்டில் சமையல் பொறுப்பில் இருந்தேன். பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அப்போது மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒரு வீட்டின் தலைவி மாறும்போது, பதவி முடிந்தவர் எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து, சிற்றாலயத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் மாதாதான் தலைவி. பிறகு மாநிலத் தலைவி வந்து அந்தச் சாவிகளை எடுத்துப் புதியவர் கையில் கொடுப்பார். சபை தொடங்கிய ஊரில் மாலைச் செபத்துக்கு வைத்து மறுநாள் காலைத் திருப்பலிக்கு எடுத்துவிடுவார்களாம். அங்கே யாரும் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போடவில்லை.

எங்கள் பழைய மதர் பெல்ஜியத்துக்காரர். நல்லவர். புத்தகத்தில் இருப்பது மாதிரி தமிழ் பேசுவார். புதிய மதர் கேரளத்துக்காரர். அவரும் நல்லவர். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்ததுதான் எங்கள் கஷ்டம். புதியவர் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று மாலை பழையவர் சாவிகளை மாதா காலடியில் வைத்தார். மாநிலத் தலைவி மறுநாள் புதுச்சேரியிலிருந்து வருவதாக இருந்தது. அன்று இரவே போராட்டக்காரர்கள் வெட்டிய மரங்கள் சாலைகளில் விழ ஆரம்பித்தன. மாநிலத் தலைவி விழுப்புரம் வரை வந்து திரும்பிப் போய்விட்டார் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பழையவர் புறப்பட வேண்டிய பஸ்ஸும் ஓடவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு மதர். இல்லை, ஒரு மதரும் இல்லை.

சாமான் அறைச் சாவி அந்த வளையத்தில் இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் உள்ளே. வெளியே ஒரு டின்னில் கேழ்வரகு மாவு, தோட்டத்தில் பூசணிக்காய். போய்ப் பழைய மதரிடம் கேட்டேன்.

"சகோதரி, நான் இப்போது வெறும் சகோதரி. மதரைக் கேளுங்கள்" என்றார்.

புதியவரிடம் போனேன். "எனக்கு இன்னும் பொறுப்பு தரல்லியே சிஸ்டர். மதரிடம் கேட்டு அவங்க சொல்றபடி செய்யுங்க" என்றார்.

கேழ்வரகுக் களி கிளறினேன். பூசணிக்காய்க் குழம்பு வைத்தேன். மறுநாளும் அதே. சாப்பாட்டு மேசையில் தலைவி நாற்காலி காலியாக இருந்தது. இவர் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். சாப்பாட்டுச் செபத்துக்கு மணி அடிக்க வேண்டும். அதைத் தலைவிதான் அடிக்க வேண்டும். "நீங்கள்", "இல்லை, நீங்கள்". களி ஆறிக் கல்லாகும் வரை நான் கரண்டியோடு சுவரோரம் நிற்பேன். கடைசியில் இரண்டு பேரும் மணி அடிக்காமலே கண்ணை மூடிச் செபம் சொல்வார்கள்.

சாப்பிடும்போது பேசக் கூடாது, யாராவது ஒருவர் வாசிக்க வேண்டும். அந்த வாரம் செய்தி மடல் வாசித்தோம். காங்கோவில் எங்கள் சகோதரிகள் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றிவிட்டார்கள். போலந்தில் ஒரு சகோதரிக்குப் பொன்விழா, கேக்கில் அவர் பெயரைச் செர்ரிப் பழத்தால் எழுதினார்களாம். கண்ணுக்கெட்டும் தூரத்தில், கல்வராயன் மலைமேல் எங்கள் மருந்தகத்தில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதில் ஒருத்தி நர்ஸ், மூத்தவர். இன்னொருத்தி என்னோடு ஒரே நாளில் சபையில் சேர்ந்தவள். பயிற்சி வீட்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கை. நான் பேசாத பேச்சையெல்லாம் எனக்காகவும் சேர்த்துப் பேசுகிறவள்.

ஒரு காலை மலையிலிருந்து ஓர் ஆள் வயல்வெளியாகவே நடந்து வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சின்ன சிஸ்டருக்குக் காய்ச்சல் வுடவே இல்லீங்க. கண்ணெல்லாம் மஞ்சளாப் பூத்துப்போச்சு. நேத்துலேர்ந்து நெனைவு தப்பித் தப்பி வருது. நாளைக்கு வெடியக்கால கட்டிலோட தூக்கிக்கினு கச்சிராயபாளையம் அடிவாரத்துக்கு வந்துடறோம், ஜீப்பு வந்து நிக்கணும்னு பெரிய சிஸ்டர் சொல்லியனுப்பினாங்க."

சொல்லிவிட்டு உடனே திரும்பி நடந்தார். அவருக்கு நம்பிக்கை இருந்தது.

நான் இரண்டு மதரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னேன். இருவர் முகமும் வெளுத்துவிட்டது. ஜீப் அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். ஜீப் சாவி அந்த வளையத்தில் இருந்தது.

"மதர், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்" என்றார் பழையவர்.

"பொறுப்பு வாங்காமல் நான் தொட்டால் அது அகங்காரம் இல்லையா மதர்? வச்ச கை உங்களுடையது. நீங்களே எடுங்கள்."

"கடவுளுக்குக் கொடுத்ததை நான் திரும்ப எடுத்தால், பதவி மேல் எனக்குப் பற்று என்றாகும்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டு மாநிலத் தலைவியிடம் அனுமதி கேட்பது. மதியம் வரை லைன் கிடைக்கவில்லை. மாலையில் தொலைபேசியே செத்துப்போனது. உடனே செபமாலை சொல்லலாம் என்றார்கள். சொன்னோம். என் வாய் மந்திரத்தைச் சொன்னது, மனதில் வேறென்னவோ ஓடியது. அதை இங்கே எழுத முடியாது.

எங்கள் ஜீப் டிரைவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த ஒரு பாய். வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். அன்று மாலை என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னா சிஸ்டர், மாதா சாவி குடுத்தாங்களா?"

"இல்ல பாய்."

"எங்க மசூதியில நிர்வாகம் பாக்குற முத்தவல்லி மாறுனா ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சண்டை போடுவாங்க. உங்க வூட்ல நீ நீன்னு சண்டை. எங்க சண்டையே மேல் போலக்குது. டீசல் கம்மியாத்தான் இருக்குது, அடிவாரம் போய் வரத் தாங்கும். வெடியக்கால நான் வந்துடறேன். நீங்க எப்பிடியாச்சும் எடுத்துக்கினு வாங்க."

விடிவதற்கு முன் சிற்றாலயத்துக்குப் போனேன். இரண்டு மதரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், முழங்காலில், மாதாவுக்கு முன்னால், ஆளுக்கொரு பக்கம். ராத்திரி தூங்கினார்களா தெரியவில்லை. என்ன செய்வது என்று வெளிச்சம் தரச் சொல்லி மாதாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் போய், குனிந்து, வளையத்தை எடுத்தேன். எல்லாச் சாவிகளும் சேர்ந்து கலகலவென்று சத்தம் போட்டன. யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தால் அப்படியே திரும்ப வைத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. பழையவர் புதியவரைப் பார்த்தார், புதியவர் பழையவரைப் பார்த்தார். இவர் சொல்லித்தான் எடுக்கிறேன் என்று அவரும், அவர் சொல்லித்தான் என்று இவரும் நினைத்துக்கொண்டார்கள். பிறகு அப்படியேதான் மடலுக்கும் எழுதிப் போட்டார்கள்.

கச்சிராயபாளையம் சாலையில் முதல் மரத்தருகே ஜீப் நின்றது. மரத்துக்கு அந்தப்புறம் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மரத்தின் மேல் ஆண்கள் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். என் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். என் சித்தப்பா மகன்களும் வேறொரு சாலையில் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பயம் இல்லை, பேசுவதற்குத்தான் பயம். பாய் இறங்கிப் போய், மலையில் ஒரு சிஸ்டருக்குக் காய்ச்சல், அழைத்து வர வேண்டும் என்றார்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அந்தக் கான்வென்ட் சிஸ்டர்தானே? எம் பொண்ணுக்கு உங்க ஸ்கூல்ல சீட்டு கேட்டுக்கினு வந்தேன். மதர் இல்ல, அப்புறம் வாங்கன்னீங்க. அப்புறம் வந்தேன். மேல கேக்கணும், அப்புறம் வாங்கன்னீங்க. இப்ப நான் சொல்றேன். எங்க தலைவரக் கேக்கணும். அப்புறம் வாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று அப்படிச் சொல்லி அனுப்பியது நானாகவும் இருக்கலாம். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

"உங்களுக்குக் கோபம் இருந்தா இருக்கட்டும்ணே. அவ செத்துடுவா" என்றேன்.

அவர் கரும்புச் சக்கையைத் துப்பினார். "செத்துடுவான்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாய மூடிக்கினு நின்னா யாருக்குத் தெரியும்? டேய், ரெண்டு பேரு கீழ எறங்குங்கடா."

ஜீப் அதற்கு மேல் போக வழியில்லை. காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டியை அவர்களே பிடித்து, என்னையும் இரண்டு ஆட்களையும் ஏற்றி அடிவாரத்துக்கு அனுப்பினார்கள். வழியில் மரம் வந்த இடங்களில் வண்டியை வயலில் இறக்கி ஏற்றினோம். அடிவாரத்தில் மலைக்காரர்கள் கயிற்றுக் கட்டிலைப் புங்கமரத்தடியில் இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். நர்ஸ் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நான் குனிந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தேன், எல்லோருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

திரும்பி வரும்போது, துண்டு கட்டியவரும் அவருடைய ஆட்களும் கட்டிலைத் தோளுக்கு மேலே தூக்கி மரத்தைத் தாண்டி ஜீப்பில் வைத்தார்கள். அவளுக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் இரண்டு மதரும் நடந்தே வந்துவிட்டார்கள். டியூட்டி டாக்டர் இளவயதுக்காரர். அந்த வாரம் வீட்டுக்குப் போகவே இல்லை போலிருந்தது, சட்டை கசங்கிக் கிடந்தது.

"கல்லீரல் ரொம்ப பாதிச்சிருக்கு. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அங்க வசதி ஜாஸ்தி. ஆனா வழியில எத்தனை மரம் கெடக்குதோ, போய்ச் சேருவாங்களான்னு சொல்ல முடியாது. இங்கயே வெச்சு குளுக்கோஸ் ஏத்திப் பாக்கலாம். அதுக்கும் நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். உங்கள்ல யாரு பொறுப்பு? சீக்கிரம் சொல்லுங்க."

பழைய மதர் புதிய மதரைப் பார்த்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வராந்தாவில் யாருக்கோ இருமல். டாக்டர் பேனாவால் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"நான்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க சிஸ்டர்."

"நான்தான் பொறுப்பு. இங்கயே இருக்கட்டும்."

சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அந்த மரங்களைத் தாண்டுவதை நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊசி குத்தினார்கள், பாட்டில் மாட்டினார்கள். மதர்கள் இருவரும், அது மற்றவர் எடுத்த முடிவு என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். நான் அங்கேயே இருந்தேன். அவள் மூச்சு விடும் சத்தம் நின்றுவிட்டதோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன். இவள் செத்தால் நான் சொன்ன சொல்லால்தான் செத்தாள் என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அந்த இரண்டு பேரும் எதற்குப் பயந்தார்கள் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அவளுக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வடிந்திருந்தது. டாக்டர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்ததால் பாய் கரும்புச் சாறு வாங்கி வந்திருந்தார். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"ஏண்டி, புதுச்சேரிக்கு அனுப்பறேன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. நீ எதுக்கு இங்கயே இருக்கட்டும்னே? அங்க போயிருந்தா நான் கடலாவது பாத்திருப்பேன்."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை, வயிறு மட்டும் குலுங்கியது. நான் அவளை நன்றாகத் திட்டினேன். அவ்வளவு நாளும் யார் யாரையோ திட்ட நினைத்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திட்டைக் கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சைகை காட்டினாள்.